மலை தெற்கே நின்ற ஊர்

துரி பக்கத்து ஜனங்கள் இடது, வலது என்று பேசுவது அபூர்வம். சோற்றுப் பானையை இறக்கி வைக்கும்போதுகூட, "இன்னும் கொஞ்சம் தெக்கால தள்ளி வை" என்பார்கள். முதுகு சொறியச் சொன்னால், "மேக்கால, இன்னும் மேக்கால, ஆங், அங்கதான்" என்பார்கள். மெராபி மலை வடக்கே நிற்கிறது. புகை விடுகிற அந்த மலையைப் பார்த்து ஒருவன் நின்றுவிட்டால், மற்ற மூன்று திசைகளும் தாமாக வந்து அவன் பக்கத்தில் நின்றுகொள்ளும். அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பொனிரா அப்படித்தான் ஐம்பத்தொரு வருடம் நடமாடினாள். சலாக் தோட்டத்தில் கூலி வேலை அவளுக்கு. பாம்புத் தோல் போர்த்தியது போலிருக்கும் அந்தப் பழத்தை, முள் மட்டைகளுக்கு நடுவே கையை விட்டுத்தான் அறுக்க வேண்டும். அவள் கையில் முள் ஏறாத இடம் கிடையாது. கணவர் சார்டி ஆற்றில் மணல் அள்ளுகிறவர். ஒரே பிள்ளை சேனோ.

சேனோ மூன்று வருடமாகச் சலாதிகாவில் படித்தான். மண்ணைப் பற்றிய படிப்பு. "மண்ணப் பத்திப் படிக்க என்னடா இருக்கு? உங்கப்பாவக் கேட்டா ஒரு நாள்ல சொல்லிருவாரு" என்று அவள் கேலி செய்தபோது, "அவர் அள்ளுறாரு மாக், நான் அது பேரக் கேக்குறேன்" என்றான். அம்மாவை அவன் மாக் என்றுதான் கூப்பிடுவான். சலாதிகா சின்ன ஊர்தான். ஆனால் கல்லூரிகளால் அந்த ஊருக்கு எந்தத் தீவிலிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். தானும் ஒருமுறை வந்து அவன் இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பொனிரா பலமுறை கேட்டாள்.

"இப்ப வந்து என்னத்தப் பாக்கப் போற? அழுக்குத் துணியும் நூடுல்ஸ் உறையுந்தான் கெடக்கு. பட்டம் வாங்குற அன்னிக்கு வா. கெபாயா சட்ட போட்டு, கொண்டை வெச்சு, ஜம்முனு வா."

சரி என்று இருந்துவிட்டாள்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். கோப்பெங் மலைப்பாதையில், ஏதோ ஒரு வளைவில், முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி எதிரே வந்தது. மையித்து அன்று மாலையே வீடு வந்தது. இருட்டுவதற்குள் அடக்கம் செய்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள் என்று ஊர் கூடி ஓதியது. அண்டை வீட்டுப் பெண்கள் வந்து அவளோடு சேர்ந்து சமைத்தார்கள், மூங்கில் பெட்டிகளில் சோறு கட்டி அனுப்பினார்கள். பொனிராவுக்கு உட்கார்ந்து அழ நேரம் இல்லாமல் நூறு நாள் ஓடியது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்ததால் அவள் யாரிடமும் எதையும் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. "என் பிள்ளை செத்துப் போனான்" என்ற வார்த்தையை அவள் வாய் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

நூறாம் நாள் முடிந்த மறுநாள் சேனோவின் போன் அடித்தது. அந்தப் போனை அவள் தினமும் மின்சாரம் ஏற்றி வைத்திருந்தாள். திரையில் விரலால் ஏதோ கோலம் போட்டால்தான் அது திறக்கும். அந்தக் கோலம் அவனோடு போயிற்று. வருகிற அழைப்பை எடுக்கலாம், அவ்வளவுதான். பேசியவள் ஹர்தாதி, சேனோ தங்கியிருந்த கோஸ் வீட்டுக்காரி. கல்லூரிப் பையன்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடுகிற ஒன்பது அறை வீடு அது. பெண்களை இபு என்பதும் இளைஞர்களை மாஸ் என்பதும் அந்தப் பக்கத்து மரியாதை.

"பொனிரா இபு, ரூமு அவன் பூட்டிட்டுப் போனபடியே இருக்கு. வருஷக் கணக்கு இந்த மாசத்தோட முடியுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுகை வாக்குல புதுப் பையன் வரான். அதுக்கு முன்னால வந்துருங்க. நான் ஒரு சாமானையும் தொடல."

அவன் பூட்டிவிட்டுப் போனபடியே இருக்கிறது. பொனிரா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். படுக்கை கலைந்தபடி, குடித்த கோப்பை கழுவாதபடி. அந்த அறையில் ஒரு அரைமணி நேரம் உட்கார வேண்டும். எதையும் நகர்த்தாமல், அவன் எப்படி இருந்தான் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"சுவத்தப் பாக்குறதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம்? அவன் கூட்டாளிங்க கிட்டச் சொன்னா சாமானக் கொண்டாந்து போட்டுருவானுங்க" என்றார் சார்டி.

"நீங்க வரலையா?"

"அந்த ரோட்டுல நான் வரமாட்டேன்."

அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. வீட்டுக்காரிக்குக் கொடுக்க ஒரு கூடை சலாக் பழம் எடுத்துக்கொண்டு, ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் தனியாகக் கிளம்பினாள்.

மாகலாங்கில் வண்டி மாறினாள். கோப்பெங் ஏற்றம் தொடங்கும் இடத்தில் கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு கண்களை மூடினாள். எந்த வளைவு என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. வண்டி இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் காய்கறிக்காரி ஒருத்தி முழங்கையால் இடித்தாள்.

"மயக்கமா அக்கா? வெங்காயத்த மோந்து பாருங்க. கண்ணத் தொறந்து மலையப் பாத்தீங்கன்னா சரியாயிரும்."

"வேணாம்மா."

"வாந்தி வந்தா அந்தப் பக்கம் எடுங்க, என் கீரைமேல வேணாம். இதக் கழுவ எனக்கு ஆத்தா கெடையாது."

பொனிரா கண்ணைத் திறக்கவே இல்லை. வண்டி மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனதை அவள் பார்க்கவில்லை. ஏற்றம் முடிந்து இறக்கம் வந்தது, குளிர் குறைந்தது, ஹாரன் சத்தம் கூடியது. "சலாதிகா, சலாதிகா! வட்டத்துல எறங்குறவங்க எறங்குங்க!" என்று நடத்துனர் கத்தியபோதுதான் கண்ணைத் திறந்தாள். மணி பத்தேகால். லுஹருக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

சாலைகள் கூடும் அந்த வட்டத்தில் இறங்கி நிமிர்ந்தாள். வீடுகளுக்கு மேலே, நீலமாக, பெரிதாக மலை நின்றது. வழக்கமான மலை இல்லை. மெராபிக்கு வடக்கே அடுத்து நிற்கிற மெர்பாபு அது. ஆனால் மலை மலைதான். மலை வடக்கே நிற்கும். அவள் மனம் யோசிக்கக்கூட இல்லை, கால் தானாகத் திரும்பிக்கொண்டது.

வீட்டுக்காரி சொன்ன வழி அவளுக்கு மனப்பாடம். வட்டத்திலிருந்து நேராக வடக்கே, மசூதி தாண்டி மூன்றாவது சந்து, கிழக்கே திரும்பினால் பச்சைக் கேட், தெற்கு பார்த்தது.

அங்கோட் என்கிற சிறு வேன்கள் வரிசையாக நின்றன. ஒரு ஓட்டுநர் காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு கூப்பிட்டான்.

"காலேஜுக்கா இபு? ஏறுங்க, ரெண்டே ஆளு கொறையுது!"

"நடந்தே போயிருவேன் மாஸ். வடக்கதான போகணும்?"

"காலேஜு வடக்கதான். நடக்குறீங்களா? நடங்க நடங்க. நான் இங்கேயே உக்காந்து கெழவனாகுறேன்."

பொனிரா மலையைப் பார்த்து நடந்தாள்.

நல்ல ஊராகத்தான் இருந்தது. மரங்கள் பெரியதாக இருந்தன. சலவைக் கடை, நகலெடுக்கிற கடை, மறுபடி சலவைக் கடை. தாய்மார் யாருமே இல்லாத ஊர்போல, எங்கே பார்த்தாலும் துணி துவைத்துக் கொடுக்கிற பலகை. எந்தக் கடையில் அவன் துணி போட்டிருப்பான்? இந்தத் தள்ளுவண்டியில் சாப்பிட்டிருப்பானா? ஒரு தேநீர்க் கடை வாசலில் நாலைந்து பையன்கள் உட்கார்ந்து சிரித்தார்கள். ஒருவன் சேனோ போலவே தலை முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினான். அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு நடந்தாள். வெயில் மேற்குக் கன்னத்தில் சுட்டது. காலை நேரத்தில் மேற்கே எப்படி வெயில் என்று ஒரு கணம் தோன்றியது. பஸ்ஸில் வந்த தலைசுற்றல் இன்னும் தீரவில்லை என்று எண்ணிக்கொண்டாள்.

மசூதி வந்தது. மூன்றாவது சந்து வந்தது. கிழக்கே என்று நினைத்துத் திரும்பினாள். பச்சைக் கேட்டும் இருந்தது, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சொன்னபடியே. கூடையைக் கீழே வைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தட்டினாள்.

முற்றத்தில் மூன்று பையன்கள் வாளித் தண்ணீரும் சோப்புமாக மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஹர்தாதி இபு இருக்காங்களா?"

"அப்படி யாரும் இல்லையே இபு. இது பாக் முல்யோனோ வீடு. யாரத் தேடுறீங்க?"

"சேனோ. துரியிலேர்ந்து வந்து படிக்கிற சேனோ. அவன் அம்மா நான்."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கே சேனோ யாரும் இல்லை. வட்ட முகமாக இருந்தவன் சோப்புக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"ஞாயித்துக்கிழமை அம்மா வராங்கன்னு தெரிஞ்சும் தூங்கிட்டு இருக்கானா? நல்ல பிள்ளை! நம்பரு தெரியுமா இபு? நான் எழுப்புறேன் அவன."

பொனிரா வேண்டாம் என்று சொல்வதற்கு முன் அவள் வாய் எண்ணைச் சொல்லிவிட்டது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அது. பையன் அழுத்திவிட்டுக் காதில் வைத்தான்.

அவள் கைப்பைக்குள் போன் அடித்தது.

மூவரும் பையைப் பார்த்தார்கள். ஏதோ பாட்டு, சேனோ வைத்த பாட்டு, நிற்காமல் அடித்தது.

"வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டான்" என்றாள் பொனிரா.

"பாரு, நம்மள மாதிரியே ஒருத்தன்!" என்று சிரித்தான் வட்ட முகம். அப்புறம்தான் வழி கேட்டான். அவள் மனப்பாடமாக ஒப்பித்தாள். 'வடக்கே' என்ற இடத்தில் அவள் கை மலையைக் காட்டியது. மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாலிருந்த ஒல்லிப் பையன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ஜோக்ஜா பக்கத்து ஆளு! நானும் அந்தப் பக்கந்தான் இபு. மலைக்கு அந்தாண்ட இருந்து வர்ற அத்தன பேரும் இதே கூத்துதான். இங்க மலை தெக்க இருக்கு! மொத வாரம் நானு தொழுகைக்குக் கிழக்கப் பாத்து நின்னவன். பக்கத்து ரூமுக்காரன் கழுத்தப் புடிச்சுத் திருப்பிவிட்டான்."

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொனிரா மலையைப் பார்த்தாள். அது அசையாமல் நின்றது. அவளைச் சுற்றி ஊர் மட்டும் மெதுவாகத் திரும்பியது. வந்த வழி, கடை, மசூதி எல்லாம்.

"மணி என்ன மாஸ்?"

"பதினொண்ணாகப் போவுது. நீங்க போகவேண்டியது நேர் எதிர்ப் பக்கம். ஏறுங்க இபு, வண்டியில அஞ்சு நிமிஷம்." ஒல்லிப் பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஈரம் சொட்டியது. கழுவிய இருக்கையைத் தன் சட்டை முனையால் துடைத்தான்.

பொனிரா ஒரு காலை எடுத்து வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். அவளால் முடியவில்லை. ஜூன் மாதத்திலிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் தெருவில் கேட்டாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவள்.

"அங்கோட்டுல போறேன் மாஸ்."

"அது சுத்திக்கிட்டுப் போகும் இபு! ஆளு நெறையற வரைக்கும் நகராது!"

"பரவாயில்ல."

கூடையிலிருந்து ஒரு கொத்துப் பழத்தை எடுத்து வாளி ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வண்டியில் ஏறியிருந்தால் அரைமணி நேரம் முன்னால் போயிருக்கலாம் என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

அங்கோட் நகரவில்லை. ஓட்டுநர் சிகரெட்டை இழுத்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஆளு" என்றான். அந்த ஒரே ஆள் வந்தபோது, முன்பே ஏறியிருந்து சாமான் வாங்க இறங்கி ஓடிய ஒருவன் திரும்பி வர வேண்டியிருந்தது. கிளம்பிய பிறகு ஓட்டுநர் சந்தைக்குள் நுழைந்து ஒருவழிப் பாதையைச் சுற்றினான். எந்தத் திசை எது என்று பொனிராவுக்குத் தெரியவில்லை. ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாக, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத ஒரு மனுஷியாக அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே பாங்கு சொன்னார்கள்.

உண்மையான பச்சைக் கேட் முன்னால் ஒரு வாடகைக் கார் நின்றது. மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஹர்தாதி ஓடிவந்து, அவள் கையைப் பற்றி, மதில் ஓரமாக இழுத்துப் போனாள். கனத்த உடம்பு, வேர்த்த முகம்.

"பதினொண்ணு வரைக்கும் வாசல்லயே நின்னேன் இபு. போன் பண்ணா எடுக்கல."

அந்த அழைப்பு அங்கோட்டின் ஹாரன் சத்தத்தில் போயிருக்க வேண்டும்.

"அவங்க பஸ் நிலையத்துலேர்ந்து கூப்புட்டுட்டாங்க. நான் என்ன செய்வேன்? அவசரம் அவசரமா எல்லாத்தையும் அட்டப்பெட்டியில போட்டுட்டேன். மூணு பெட்டி. ஒரு குண்டூசிகூட விடல, சத்தியமா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். பெனாயில் போட்டுத் தொடச்சும் விட்டுட்டேன்."

பொனிரா தலையை ஆட்டினாள். வீட்டுக்காரியின் விரல்கள் இன்னும் அவள் கையை விடவில்லை.

"இன்னொண்ணு இபு. கோவிச்சுக்காதீங்க. அவங்ககிட்ட நான் சொல்லல. அந்தப் பையனுக்குக் கலிமந்தான்ல வேலை கெடச்சுப் போயிட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன். செத்தவன் ரூமுன்னு தெரிஞ்சா யாரு இருப்பா? இதுல ஆரம்பிச்சா ஒம்பது ரூமும் காலியாயிரும். என் புருஷன் போனப்புறம் எனக்கு இருக்குறது இது ஒண்ணுதான். உங்க கால்ல விழுறேன், நீங்களும் அப்படியே..."

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். கறுப்பு நிறம், சுருட்டை முடி, தோளில் கைத்தறித் துண்டு, வெற்றிலையால் சிவந்த வாய். சும்பா தீவிலிருந்து மகனைச் சேர்க்க வந்தவள். பெயர் ராம்பு.

"இவங்கதான் முன்னால இருந்த பையனோட அம்மாவா? வாங்க இபு, உள்ள வாங்க! மூணு நாள் கப்பல்ல வந்தோம். எறங்கியும் எனக்குத் தரை ஆடுது. முதல்ல வெத்தல போடுங்க, அப்புறம் பேசலாம். எங்க ஊருல வெத்தல குடுக்காமப் பேசினா, சண்டைக்கு வந்திருக்கான்னு அர்த்தம்."

பொனிரா அந்த அறைக்குள் விருந்தாளியாக நுழைந்தாள். மூன்று பாய் அகலம்தான் இருக்கும். கட்டிலில் புது விரிப்பு, பூப்போட்டது. சுவர் ஓரமாக மூன்று அட்டைப்பெட்டிகள், கயிறு கட்டியபடி. மூக்கை அடைக்கிற பெனாயில் வாடை. அவள் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அந்த வாடையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நல்ல வெளிச்சம் இருக்கு" என்றாள் ராம்பு. "உங்க பிள்ளைக்கு ராசியான ரூமு. படிப்பு முடியறதுக்குள்ளயே வேலையாமே! எங்க ஊருல படிச்சுட்டு அஞ்சு வருஷம் குதிர மேய்க்கிறானுங்க. டேய் உம்பு, இங்க வாடா."

பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வெட்கத்தோடு வந்து நின்றான்.

"குனிடா. இபு, இவன் தலையில கை வெச்சு ஒரு வார்த்த சொல்லுங்க. 'என் பிள்ள மாதிரியே நீயும் ஆகணும்'னு. தாய் வாயால சொன்னாப் பலிக்கும்."

வாசலில் ஹர்தாதி நின்றிருந்தாள். அவள் உதடுகள் மூடியிருந்தன, கண்கள் கெஞ்சின.

பொனிராவின் கை எழுந்து, பாதி தூரம் போய், அங்கேயே நின்றது. பையனின் பிடரியில் வியர்வை மினுங்கியது. பொய் சொல்லத்தான் நினைத்தாள். இந்த வீட்டுக்காரியின் வயிற்றில் அடிக்க அவளுக்கு மனமில்லை. ஆனால் வேறு எந்த வார்த்தையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள், இதை அல்ல.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள். "என் பிள்ள மாதிரி ஆக வேணாம். வேணவே வேணாம்." பிறகு, "அவன் செத்துப் போயிட்டான்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. கை இன்னும் காற்றிலேயே இருந்தது. ஹர்தாதி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ராம்பு மகனின் முதுகைத் தட்டி, வெளியே போய் மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பொனிராவின் கையைப் பிடித்து இறக்கினாள்.

"இந்த ரூமுலயா?"

"இல்ல. ரோட்டுல. வீட்டுக்கு வரும்போது."

"அப்ப இங்க இருந்தவரைக்கும் உசிரோட இருந்திருக்கான்."

பொனிராவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தரையில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டிமேல் நெற்றியை வைத்து, சத்தமாக அழுதாள். நூறு நாளாக ஊருக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தவள். ராம்பு அவளை நிறுத்தவில்லை. வாசலில் நின்ற ஹர்தாதியைத் திரும்பிப் பார்த்து, "நீங்க எதுக்கு இபு அழுவுறீங்க? நாங்க போயிருவோம்னா?" என்றாள்.

"யாரும் இருக்க மாட்டாங்க..."

"எங்க மாமனார் எங்க வாசல்லயே கல்லுக்கு அடியில கெடக்காரு. மாமியாரு பக்கத்துல. அந்தக் கல்லுமேல உக்காந்துதான் வெத்தல போடுறோம், சோளம் காய வெக்கிறோம், சண்ட போடுறோம். செத்தவங்க இல்லாத எடத்துலதான் எங்களுக்குத் தூக்கம் வராது. நீங்க கலிமந்தான்னு கத விட்டதுக்குத்தான் எனக்குக் கோவம். வாங்க உள்ள."

அழுகை ஓய்ந்ததும் ராம்பு கேட்டாள், "எதுக்கு வந்தீங்க இபு? இந்தப் பெட்டிக்கா?"

"அவன் விட்டுட்டுப் போனபடி ஒருக்கா பாக்கலாம்னு வந்தேன். வழி தப்பிருச்சு."

ராம்பு எழுந்தாள். கட்டிலில் விரித்த புது விரிப்பை ஒரே இழுப்பில் உருவிச் சுருட்டினாள். முதல் பெட்டியின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"இருந்தபடி வைங்க. அதுவரைக்கும் நாங்க வெளிய சாப்புட்டுக்கிறோம். இது எங்க இருந்துச்சு?" அவள் கையில் ஒரு நீலத் துண்டு.

பொனிரா அதைக் கையில் எடுத்தாள். அந்தத் துண்டு அவள் வாங்கிக் கொடுத்தது. ஆனால் இந்த அறையில் அது எங்கே தொங்கியது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்று வருடம் அவன் வாழ்ந்த இடத்தில் ஒரு துண்டை மாட்ட அவளுக்கு இடம் தெரியவில்லை.

"அந்த ஆணியில" என்றாள் ஹர்தாதி மெதுவாக. உள்ளே வந்து துண்டை வாங்கி, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள். "ஈரத்தோட போட்டுருவான். கதவு ஊறிப்போவுதுன்னு திட்டுவேன். தலைய ஆட்டிட்டு மறுநாளும் அங்கதான் போடுவான்."

அடுத்து ஒரு கோப்பை. "ஜன்னல்ல. கழுவ மாட்டான்." காய்ந்த சேறு ஒட்டிய காலணி. "கட்டிலுக்கு அடியில, ஒண்ணு நேரா, ஒண்ணு கவுந்து." மண் நிரப்பிய சின்னச் சின்னப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் எழுதி ஒட்டியது. "இது அந்தச் சுவரோரம் வரிசையா. எறும்பு வரும்னு நான் கத்துனா, 'மண்ணுலதான் இபு எறும்பு இருக்கணும், உங்க சக்கரை டப்பாவுலயா இருக்கணும்?'னு கேப்பான்." சொல்லிவிட்டு ஹர்தாதி சிரித்தாள். சிரித்த வாயை உடனே பொத்திக்கொண்டாள். "இவ்வளவு வாய் இங்கயும் பேசுனானா?" என்றாள் பொனிரா.

ஒவ்வொன்றாக அறை நிரம்பியது. தலையணை எந்தப் பக்கம், போர்வை எப்படிச் சுருண்டு கிடக்கும், எந்தப் புத்தகத்தின்மேல் தட்டை வைத்துச் சாப்பிடுவான். ஹர்தாதி சொல்லச் சொல்ல, பொனிரா வைத்தாள். வீட்டுக்காரிக்கு அவ்வளவும் தெரிந்திருந்ததில் பொனிராவுக்கு ஒரு பொறாமையும் வந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

கடைசிப் பெட்டியின் அடியில் ஒரு நகவெட்டி கிடந்தது.

"இது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இல்லையே" என்றாள் ஹர்தாதி. "கைக்கு அம்புட்டத அள்ளிப் போட்டேன்."

பொனிரா அதை வாங்கிக்கொண்டாள். நேராகக் கட்டிலுக்குப் போனாள், தலையணையைத் தூக்கினாள், அதன் அடியில் சுவரோரமாக வைத்தாள்.

"படுத்துக்கிட்டுத்தான் வெட்டுவான்" என்றாள். "விரிப்பு பூரா நகமா இருக்கும்."

ஹர்தாதி வெளியே போனாள். பொனிரா கதவருகே தரையில் உட்கார்ந்துகொண்டாள், கட்டிலில் உட்கார்ந்தால் போர்வை கலைந்துவிடும் என்று. கழுவிய கோப்பையில் கறை இல்லை. போர்வை மடிப்பு விழுந்திருந்தது. அவன் விட்டுப் போனது இது இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் யாரோ விசிலடித்தார்கள், பிறகு நினைவு வந்ததுபோல நிறுத்திக்கொண்டார்கள்.

அரைமணி நேரத்துக்கு மேலாயிற்று. வெளியே மூட்டைமேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த ராம்பு வந்து எட்டிப் பார்த்தாள்.

"போதுமா இபு?"

"போதாது" என்று சொல்லிவிட்டு, பொனிரா எழுந்து, ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.